எண்ணெய் தண்ணீரில் கரையாது, அப்புறம் கொழுப்பு ரத்தத்தில் எப்படிப் போகிறது?

#1 பவானிக்கரை

வணக்கம் நண்பர்களே. அப்பாவுக்கு வருடாந்திரப் பரிசோதனைக்காகக் காலை பதினோரு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். எட்டு மணிக்குத்தான் நெய்ப் பொங்கலும் வடையும் சாப்பிட்டிருந்தார். வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று லேபில் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்த பெண் கூப்பிட்டு, "சார், இதை வச்சு ரிப்போர்ட் போட முடியாது, நாளைக்கு ஃபாஸ்டிங்ல வாங்க" என்று ஒரு குழாயைக் காட்டினார். அடியில் சிவப்பு. மேலே மஞ்சளாக இருக்க வேண்டிய இடத்தில் பால் வெள்ளை. அப்பா அரண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் கேட்டாள்: "எண்ணெய் தண்ணியில கரையாது. ரத்தத்துல பெரும்பகுதி தண்ணி. அப்ப கொழுப்பு மட்டும் எப்படிப்பா போகுது? திரண்டு எங்கயாவது அடைச்சுக்காதா?" எனக்குத் தெரிந்ததெல்லாம் "ரத்தம் ஆக்சிஜனையும் சத்துகளையும் எடுத்துச் செல்கிறது" என்ற ஒரு வரிதான். விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன்.

#2 லேப்_பெஞ்ச்

சார், அப்பாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இது எங்களுக்கு அடிக்கடி வருகிற குழாய்தான்.

மஞ்சள் மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை அரை மணி நேரம் உறைய விட்டு, சென்ட்ரிஃபியூஜில் பத்து நிமிடம் சுற்றுவோம். வெளியே எடுத்தால் அடியில் உறைந்த சிவப்புக் கட்டி, நடுவில் ஜெல், அதற்கு மேல் சீரம். நல்ல சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்கும். குழாய்க்குப் பின்னால் எழுத்தை வைத்தால் படிக்கலாம், அவ்வளவு தெளிவு. நெய்யும் எண்ணெயுமாகச் சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரத்தில் எடுத்தால் கலங்கிப்போய் எழுத்து மறைந்துவிடும். லேபில் இதற்கு லைப்பீமிக் சாம்பிள் என்று பெயர்.

ரிப்போர்ட் போட முடியாது என்று அவர் சொன்னதும் சரிதான். எங்கள் மெஷினில் பாதிச் சோதனைகள் சீரத்துக்குள் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு மறுபக்கம் வருகிறது என்று பார்ப்பவை. கொழுப்புத் துகள் ஒளியைச் சிதறடித்துவிடும். ஹீமோகுளோபின் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். சில மெஷின்களில் சோடியம் குறைவாகக் காட்டும். உண்மையில் குறைந்திருக்காது, அளந்த சீரத்தில் ஒரு பங்கு தண்ணீருக்குப் பதில் கொழுப்பு உட்கார்ந்திருக்கும். அதை நம்பி சலைன் ஏற்றினால் வம்பு.

ஒரு பழைய சோதனை உண்டு. கலங்கிய சாம்பிளை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஆட்டாமல் நிறுத்தி வைப்பது. காலையில் மேலே ஏடு கட்டி, கீழே தெளிந்திருந்தால் அது சாப்பாட்டிலிருந்து வந்த கொழுப்பு. ஏடே கட்டாமல் முழுக்கக் கலங்கலாகவே இருந்தால் கல்லீரல் செய்து அனுப்பிய கொழுப்பு. பன்னிரண்டு மணி நேரம் பட்டினி இருந்த பிறகும் பாலாக வந்தால்தான் டாக்டரிடம் போக வேண்டும். உள்ளே எப்படிப் போகிறது என்பதை டாக்டர் யாராவது சொல்லட்டும்.

#3 வார்டு_டாக்டர்

மகளின் கேள்வி அருமை. பதிலின் முதல் பாதி: கொழுப்பு ரத்தத்தில் கரைவதே இல்லை. உறை போட்டு அனுப்பப்படுகிறது.

சிறுகுடலில் பித்தநீர் கொழுப்பைப் பொடிப்பொடித் துளிகளாகப் பிரிக்கிறது. கணையத்தின் நொதிகள் அதை உடைக்கின்றன. உடைந்த துண்டுகள் குடல் செல்லுக்குள் நுழைந்ததும் மறுபடி கொழுப்பாக ஒட்டிக்கொள்கின்றன. அந்தத் துளியைச் சுற்றிப் பாஸ்போலிப்பிடால் ஒரு மெல்லிய மேலுறை. தண்ணீரை விரும்பும் பக்கம் வெளியே, கொழுப்பை விரும்பும் பக்கம் உள்ளே. ஆங்காங்கே அப்போ-பி48 போன்ற புரதங்கள் பதிந்திருக்கும். இந்த முழு உருண்டைக்குப் பெயர் கைலோமைக்ரான். எடையில் 80 சதவீதத்துக்கு மேல் வெறும் கொழுப்புதான். உங்கள் அப்பாவின் குழாயில் வெள்ளையாகத் தெரிந்தது இந்த உருண்டைகளின் கூட்டம்.

இரண்டாம் பாதி இன்னும் சுவாரசியம். சோற்றிலிருந்து வரும் குளுக்கோஸும் பருப்பிலிருந்து வரும் அமினோ அமிலங்களும் குடலின் ரத்த நுண்குழாய்களுக்குள் போய், போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குச் சேர்கின்றன. கல்லீரல் பார்த்து, தேவையானதை வைத்துக்கொண்டு மிச்சத்தை விடுகிறது. கைலோமைக்ரான் அந்த நுண்குழாய்ச் சுவரில் நுழைய முடியாத அளவுக்குப் பெரிது. அதனால் அது ரத்தக்குழாய்களுக்கு இணையாக ஓடும் நிணநீர்க் குழாயைப் பிடிக்கிறது. வயிற்றிலிருந்து நெஞ்சுக்குள் ஏறும் மார்பு நிணநீர் நாளத்தின் வழியாகப் போய், இடது தோளுக்கு மேல் கழுத்தடியில் ஒரு பெரிய சிரையில்தான் முதன்முதலாக ரத்தத்தோடு கலக்கிறது. அதாவது காலையில் சாப்பிட்ட நெய், கல்லீரலைப் பார்க்காமலே இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய்விடுகிறது.

1622-இல் இத்தாலியில் காஸ்பாரோ அசெல்லி, நன்றாகத் தின்றிருந்த ஒரு நாயை அறுத்துப் பார்த்தபோது குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை வெள்ளையாக இழைகள் ஓடுவதைக் கண்டார். முதலில் நரம்பு என்று நினைத்து ஒன்றை வெட்டினார், பால் போல வழிந்தது. பட்டினி கிடந்த நாயில் அந்த இழைகள் கண்ணுக்கே தெரியவில்லை. ரத்தம் சுற்றி வருகிறது என்று ஹார்வி புத்தகம் போட்டது அதற்கு ஆறு வருடம் கழித்து, 1628-இல்.

#4 பவானிக்கரை

டாக்டர், நன்றி. கழுத்தில் கலந்த பிறகு எங்கே இறங்கும்? மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

#5 வார்டு_டாக்டர்

தசையிலும் கொழுப்புத் திசுவிலும் இருக்கும் நுண்குழாய்களின் உட்சுவரில் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி நட்டுவைத்தது போல நிற்கிறது. கைலோமைக்ரான் உரசிப் போகும்போது அதன் கொழுப்பை இது வெட்டி எடுக்கிறது. வெட்டின கொழுப்பு அமிலம் பக்கத்துச் செல்லுக்குள் போய்விடும். சாப்பிட்டவுடன் இன்சுலின் கூடுவதால் கொழுப்புத் திசுவில் இந்த நொதி முனைப்பாகிறது, சேமிப்புக்குப் போகிறது. பட்டினியில் தசைப் பக்கம் கை ஓங்கும். சரக்கு ஒன்றுதான், எங்கே இறங்குவது என்பது நேரத்தைப் பொறுத்து மாறுகிறது. சுருங்கிப்போன மிச்ச உருண்டையைக் கல்லீரல் வாங்கிக்கொள்கிறது.

கல்லீரலும் சும்மா இருப்பதில்லை. தன்னிடம் உள்ள கொழுப்பை விஎல்டிஎல் என்ற வேறு உருண்டையாகக் கட்டி வெளியே அனுப்பும். அதில் கொழுப்பு குறையக் குறைய மிஞ்சுவதுதான் ரிப்போர்ட்டில் எல்லோரும் பார்த்துப் பதறும் எல்டிஎல்.

மகள் அடைப்பு பற்றிக் கேட்டது: உறை இருப்பதால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. ஆனால் எல்டிஎல் பல வருடங்களாகத் தமனிச் சுவருக்குள் ஊறி ஊறிச் சேர்ந்தால் அடைப்பு உண்டாகும். ஒரு நாள் பொங்கல் ஆளைக் கவிழ்த்துவிடாது.

#6 தென்னந்தோப்பு

டாக்டர் சார், தேங்காய் எண்ணெய் மட்டும் ரத்தத்தில் கலக்காமல் நேரே கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே. நான் விவசாயி, எனக்கு நல்ல செய்திதான். உண்மையா?

#7 வார்டு_டாக்டர்

அண்ணா, பாதி உண்மையை முழுசாக விற்கிறார்கள். கொழுப்பு அமிலச் சங்கிலியில் 8 அல்லது 10 கார்பன் மட்டும் இருந்தால் அது கைலோமைக்ரானுக்குள் போகாமல் போர்ட்டல் சிரை வழியாகவே கல்லீரலுக்குப் போகும். (அதுவும் ரத்தம்தான், "ரத்தத்தில் கலக்காது" என்பது பொய்.) நெஞ்சு அறுவை சிகிச்சையில் அந்த நிணநீர் நாளம் கிழிந்து நெஞ்சுக்குள் பால் போல நீர் கோத்துக்கொண்டால், நோயாளிக்கு இந்த வகைக் கொழுப்பைத்தான் கொடுக்கிறோம், நாளத்தில் போக்குவரத்து குறையட்டும் என்று. ஆனால் அது பிரித்தெடுத்த எண்ணெய். நம் தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம், 12 கார்பன். அதில் பெரும்பகுதி மற்ற கொழுப்பு போலவே நிணநீர் வழியாகத்தான் போகிறது. சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மருந்தென்று குடிக்காதீர்கள்.

#8 ஓய்வுபெற்ற_சாக்பீஸ்

முப்பது வருடம் உயிரியல் நடத்தியவன் என்ற உரிமையில் நுழைகிறேன். "ரத்தம் ஒரு லாரி சர்வீஸ்" என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அந்த உவமை பிடிக்காது. லாரியில் சரக்கை ஏற்றினால் போய்ச் சேரும் இடத்தில் முழுக்க இறக்கிவிட்டு வெறும் வண்டி திரும்பும். ரத்தம் அப்படி இல்லை. கணக்குப் போட்டால் புரியும், மகளைப் பேனா எடுக்கச் சொல்லுங்கள்.

ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது. நம் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமும் ஏறத்தாழ அவ்வளவுதான். உடம்புக்கு நிமிடத்துக்கு 250 மில்லி ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் வெறுமனே கரைந்து மட்டும் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 0.3 மில்லிதான் கரையும். 5 லிட்டருக்கு 15 மில்லி. தேவையில் பதினாறில் ஒரு பங்குகூட இல்லை. அதை வைத்துப் பிழைக்க வேண்டுமானால் இதயம் நிமிடத்துக்கு 80 லிட்டருக்கு மேல் தள்ள வேண்டும்.

இப்போது ஹீமோகுளோபினைச் சேர்ப்போம். 100 மில்லியில் 15 கிராம். ஒரு கிராம் 1.34 மில்லி ஆக்சிஜனைப் பிடிக்கும். ஆக 20 மில்லி, 5 லிட்டருக்கு 1000 மில்லி. உடம்பு எடுப்பது 250. மீதி 750 மில்லி திரும்பி வருகிறது! "அசுத்த ரத்தம்" என்று புத்தகத்தில் நீலக் கலரில் வரைகிற சிரை ரத்தத்தில் முக்கால் பங்கு ஆக்சிஜன் அப்படியே இருக்கிறது. நிறமும் நீலம் இல்லை, கருஞ்சிவப்பு. ரத்தம் எடுக்கும்போது ஊசிக் குழாயைப் பார்த்தாலே தெரியும்.

அந்த முக்கால் பங்கு வீண் அல்ல. ஓடும்போது தசை அதிலிருந்துதான் கூடுதலாக உருவிக்கொள்கிறது.

#9 சைக்கிள்_செயின்

ஐயா, ஒரு சந்தேகம். ஹீமோகுளோபின்தான் வேலை செய்கிறது என்றால் அதை நேரடியாகப் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், கரைத்துவிட்டால் என்ன? எதற்கு சிவப்பணு என்று ஒரு பை?

#10 ஓய்வுபெற்ற_சாக்பீஸ்

தம்பி, இதே யோசனையில் நிறுவனங்கள் பெரும்பணம் செலவழித்திருக்கின்றன. செயற்கை ரத்தம் என்ற பெயரில் ஹீமோகுளோபின் கரைசலை நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். வெளியே வந்த ஹீமோகுளோபின் நான்கு துண்டு மூலக்கூறாக நிற்காமல் இரண்டிரண்டாகப் பிரிந்து சிறுநீரகத்தில் வடிகிறது. அதோடு ரத்தக்குழாய்களைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்துத் தின்றுவிடுகிறது. குழாய்கள் இறுகி, ரத்த அழுத்தம் ஏறி, மாரடைப்பு அபாயம் கூடியது. பைக்குள் அடைத்து வைத்திருப்பது அதனால்தான். அந்தப் பையும் லேசுப்பட்டதல்ல. 7-8 மைக்ரான் அகலம். தன்னைவிடக் குறுகலான நுண்குழாயில் வளைந்து நெளிந்து ஒற்றை வரிசையில் போகிறது. உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை. சுமக்கும் ஆக்சிஜனில் ஒரு துளியைக்கூடத் தனக்கென்று எரிப்பதில்லை. 120 நாள் ஓடிவிட்டு மண்ணீரலிலும் கல்லீரலிலும் ஓய்வு பெறுகிறது.

ஹீமோகுளோபினே இல்லாமல் வாழும் முதுகெலும்பி ஒன்று உண்டு, தெரியுமா? அண்டார்டிகாவின் பனிமீன். அதன் ரத்தம் நிறமற்றது. நார்வேயின் யோஹன் ரூட் 1954-இல் ஆராய்ந்து எழுதினார். அந்த உறைகுளிர் நீரில் ஆக்சிஜன் நிறையக் கரைந்திருக்கும், மீனுக்கும் உடல் தேவை குறைவு. அப்படியும் பெரிய இதயம், அகன்ற குழாய்கள், கூடுதல் ரத்தம் என்று விலை கொடுத்துத்தான் சமாளிக்கிறது. மெரினா வெயிலில் அதற்கு வேலை இல்லை.

#11 நல்லூர்_வீதி

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஐயாவின் கணக்கு நல்ல வடிவு. ஒட்சிசனைக் கதைத்துவிட்டுக் காபனீரொட்சைட்டை (கார்பன் டை ஆக்சைடு) விட்டுவிட்டீர்கள், அதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

காபனீரொட்சைட்டில் பத்து வீதத்துக்கும் குறைவானதுதான் சும்மா கரைந்து போகிறது. ஐந்திலொரு பங்கு அளவில் ஈமோகுளோபினின் புரதப் பகுதியில் ஒட்டிக்கொண்டு போகும். மிச்சம் எழுபது வீதமளவு இருகாபனேற்று (பைகார்பனேட்) அயனாக மாறித் திரவவிழையத்தில் (பிளாஸ்மா) போகிறது. இந்த மாற்றம் தானாக நடக்க விட்டால் மிகவும் மெதுவு; குருதி மயிர்க்குழாய்க்குள் நிற்பதோ ஏறத்தாழ ஒரு செக்கன். செங்குழியத்துக்குள் இருக்கும் காபோனிக் அன்ஹைட்ரேசு நொதியம்தான் அதை அந்த நேரத்துக்குள் முடித்துக் கொடுக்கிறது. உண்டான இருகாபனேற்று வெளியே போக, குளோரைட்டு அயன் உள்ளே வந்து மின்னேற்றத்தைச் சமன் செய்யும். சுவாசப்பையில் எல்லாம் தலைகீழ்.

இனித்தான் விசயம். அந்தத் தாக்கத்தில் ஐதரசன் அயனும் உண்டாகிறது அல்லவா? அதை ஈமோகுளோபின் வாங்கிக்கொள்கிறது. வாங்கினால் ஒட்சிசன் மீதுள்ள அதன் பிடி தளருகிறது. அதாவது, எந்த இழையம் கூடுதலாக வேலை செய்து கூடுதலாகக் காபனீரொட்சைட்டை விடுகிறதோ, அங்கேதான் ஒட்சிசனும் கூடுதலாக இறங்கும். வெப்பமும் அதே பக்கம்தான் தள்ளும். மூளையிலிருந்து கட்டளை ஒன்றும் வரத் தேவையில்லை. 1904இல் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் கண்டது இது. அணு மாதிரியைச் சொன்ன நீல்ஸ் போரின் அப்பா. மறுபக்கமும் உண்டு: சுவாசப்பையில் ஒட்சிசன் ஏறும்போது ஈமோகுளோபின் காபனீரொட்சைட்டையும் ஐதரசன் அயனையும் உதறிவிடுகிறது. அது 1914இல் வந்த ஹோல்டேன் விளைவு. பிள்ளைகள் இரண்டையும் தனித்தனி விதியாகப் பாடமாக்குகிறார்கள். ஒரே மூலக்கூறை இரண்டு கரையிலிருந்து பார்க்கிறோம், அவ்வளவுதான்.

#12 மாடிவீட்டு_மருமகள்

இழையைத் திசைதிருப்பினால் மன்னிக்கவும். மாமியாருக்கு ஒரு மாதமாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. 2021-இல் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தால் 98 காட்டுகிறது. "ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு, வயசாச்சு" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். நேற்று ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 6.2. ஆக்சிமீட்டர் பழுதா?

#13 வார்டு_டாக்டர்

பழுது இல்லை அம்மா. அந்தக் கருவி சொல்வது சதவீதம், அளவு அல்ல. இருக்கிற ஹீமோகுளோபினில் 98 சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்கிறது. இருப்பதே பாதிக்கும் குறைவு என்பதை அது சொல்லாது. சாக்பீஸ் ஐயாவின் கணக்கிலேயே போட்டுப் பாருங்கள்: 6.2 பெருக்கல் 1.34 பெருக்கல் 0.98, சுமார் 8 மில்லி. அவருக்கு 100 மில்லி ரத்தத்தில் 20-க்குப் பதில் 8. ஓய்வில் திசுக்கள் எடுப்பது 5. உட்கார்ந்திருந்தால் சமாளிக்கலாம், மாடி ஏறினால் கையிருப்பு இல்லை. அதனால்தான் இதயம் படபடவென்று அடித்து ஈடுகட்டுகிறது.

தயவுசெய்து தாமதிக்காதீர்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் இவ்வளவு இறங்கினால் எங்கோ ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மூலம், வயிற்றுப் புண், வலி மாத்திரை, குடல் கட்டி, எதுவாகவும் இருக்கலாம். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேளுங்கள். டானிக் வாங்கிக் கொடுத்துவிட்டு விட்டுவிட வேண்டாம்.

ஆக்சிமீட்டர் ஏமாறும் இன்னொரு இடம், மலைப் பக்கம் சுற்றுலா போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். குளிருக்கு மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி இறந்தவர்கள் செய்தி ஊட்டி, கொடைக்கானல் பக்கமிருந்து அவ்வப்போது வரும். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடிக்கும். ஒரு ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் உட்காரும் நான்கு இருக்கையில் இரண்டை அது பிடித்துக்கொண்டால் போதும், மீதி இரண்டில் இருக்கும் ஆக்சிஜனும் இறங்க மறுக்கும். ரத்தசோகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். பாதி ஹீமோகுளோபினோடு ஒருவர் நடமாடலாம், பாதி கார்பன் மோனாக்சைடு பிடித்தவர் மயங்கிக் கிடப்பார். விரலில் மாட்டும் சாதாரணக் கருவியோ அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணி நல்ல எண்ணைக் காட்டும்.

#14 கோத்தகிரிப்_பனி

மலைப் பக்கம் என்றதும் வந்தேன். இங்கே செவிலியராக இருக்கிறேன். ஆக்சிஜனை இறக்கிவிட்ட பிறகு ஹீமோகுளோபினுக்கு என்ன ஆகிறது என்பதற்கு எங்கள் பக்கத்து நோய் ஒன்று சொல்கிறேன். நீலகிரியின் இருளர், பணியர், குறும்பர் மக்களிடையே அரிவாள் செல் சோகை உண்டு. இந்தியாவில் இதை முதலில் பதிவு செய்ததே இந்த மலையில்தான், 1952-இல் லேமனும் கட்புஷும். ஹீமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின். ஆக்சிஜன் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. இறக்கியவுடன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக் கம்பியாகி, அணு விறைத்து அரிவாளாகிவிடும். நெளிந்து போக வேண்டிய நுண்குழாயில் சிக்கிக்கொள்ளும். எலும்புக்குள் வலி வந்து துடிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்காது. தண்ணீர் நிறையக் குடிக்க வை, குளிரில் விடாதே, ஹைட்ராக்சியூரியா மாத்திரையை நிறுத்தாதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

#15 மூலிகை_மணம்

இத்தனை பேசுகிறீர்கள், ரத்தத்தைச் சுத்தம் செய்வது பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாதம் ஒருமுறை எங்கள் கஷாயப் பொடியை 48 நாள்

[இதற்கு மேல் இருந்த விளம்பரமும் தொலைபேசி எண்ணும் நீக்கப்பட்டன. மட்டறுத்துநர்]

#16 ஓய்வுபெற்ற_சாக்பீஸ்

நல்லவேளை. சிறுநீரகம் ஒரு நாளில் 180 லிட்டர் வடிகட்டிவிட்டு ஒன்றரை லிட்டரைத்தான் வெளியே விடுகிறது. அதற்கு மேல் என்ன சுத்தம் வேண்டிக்கிடக்கிறது?

#17 புது_அப்பா

எங்கள் குழந்தை பிறந்து நான்கு நாள். மஞ்சள் காமாலை என்று நீல விளக்கடியில் வைத்திருக்கிறார்கள். பாட்டி "காலை வெயிலில் காட்டினால் போதும்" என்கிறார். விளக்குக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

#18 வார்டு_டாக்டர்

இந்த இழைக்குப் பொருத்தமான கேள்வி. பழைய சிவப்பணு உடைந்தால் பிலிரூபின் உண்டாகும். அதுவும் கொழுப்பு போலத் தண்ணீரில் கரையாது. அதைச் சுமப்பது அல்புமின் என்ற பிளாஸ்மாப் புரதம். கல்லீரலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் கல்லீரல் அதைக் கரையக்கூடியதாக மாற்றிப் பித்தநீரில் விடும். பிறந்த குழந்தைக்குக் கல்லீரல் இன்னும் வேலை பழகவில்லை, சரக்கு தேங்குகிறது. அல்புமினில் இடம் தீர்ந்தால் மீதி பிலிரூபின் மூளைக்குள் இறங்கிவிடும், அந்தச் சேதம் மாறாது. 1950-களில் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமலிருக்க ஒரு சல்ஃபா மருந்து கொடுத்தபோது இறப்பு கூடியது. அந்த மருந்தும் அல்புமினில் அதே இடத்தில் உட்கார்ந்து பிலிரூபினைக் கீழே தள்ளியிருந்தது பிறகுதான் புரிந்தது. இன்றைக்கும் பச்சைக் குழந்தைக்கு எந்த மருந்து கொடுத்தாலும் இதை யோசிக்கிறோம்.

விளக்கு செய்வது, தோலுக்கு அடியில் ஓடும் பிலிரூபினின் வடிவத்தை மாற்றுவது. மாறிய வடிவம் கரையும், கல்லீரலின் உதவி இல்லாமலே வெளியேறும். இதைக் கண்டதும் ஒரு செவிலியர்தான். இங்கிலாந்தில் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் மங்கியிருப்பதை சிஸ்டர் ஜீன் வார்டு கவனித்தார். அங்கேயே வெயில் படும் இடத்தில் வைத்து மறந்துபோன ஒரு ரத்தக் குழாயிலும் பிலிரூபின் குறைந்திருந்தது. 1958-இல் கட்டுரையாக வந்தது.

ஆக, பாட்டி சொல்வதில் ஆதாரம் உண்டு. ஆனால் ஜன்னல் வெயிலில் அளவு தெரியாது, குழந்தைக்குச் சூடும் நீர் இழப்பும் ஆகும். விளக்கு வேண்டும் என்ற அளவுக்கு மஞ்சள் ஏறிவிட்டால் விளக்குதான். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

#19 லேப்_பெஞ்ச்

ஒரு இடைச்செருகல். நாலு நாள் குழந்தை சாம்பிள் வந்தால் நாங்கள் குழாயைக் காகிதத்தில் சுற்றி வைப்போம். டியூப்லைட் வெளிச்சத்தில் வைத்தாலே பிலிரூபின் குறைந்து காட்டும்.

#20 மாடிவீட்டு_மருமகள்

மாமியாரை இன்று அட்மிட் செய்தோம். மலம் கறுப்பாகத்தான் போகிறதாம், யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையை வருடக்கணக்கில் போட்டிருக்கிறார். நாளை எண்டோஸ்கோப்பி. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். பையில் எடுத்த தேதி பார்த்தேன், நான்கு வாரம் ஆகியிருக்கிறது. பழைய ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்குமா? புதிதாகக் கேட்கலாமா?

#21 ரத்தவங்கிக்_கவுன்ட்டர்

பயப்படாமல் ஏற்றிக்கொள்ளுங்கள் அக்கா. பிரித்த சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரியில், பையில் உள்ள கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் வைக்கலாம். உங்கள் பை கெடுவுக்குள்தான் இருக்கிறது.

நீங்கள் கேட்டதில் ஒரு நியாயம் உண்டு. சிவப்பணுவுக்குள் 2,3-டிபிஜி என்று ஒரு சின்ன மூலக்கூறு இருக்கிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட்டுக்கொடுக்க அது உதவும். ஃப்ரிட்ஜில் இருக்கும் முதல் இரண்டு வாரத்திலேயே அது பெருமளவு தீர்ந்துவிடும். அதனால் ஏற்றின உடனே அந்த அணுக்கள் ஆக்சிஜனைப் பிடிக்கும், விடுவதில் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டும். உடம்புக்குள் போனபின் ஓரிரு நாளில் அதுவே மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். அவருடைய சொந்த அணுக்களோ ரத்தசோகையால் 2,3-டிபிஜியைக் கூட்டி வைத்திருக்கும். சேர்ந்து சமாளித்துவிடும்.

ஒரு யூனிட்டுக்கு ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1 கிராம் கூடும், இரண்டு ஏற்றினால் 8-ஐ ஒட்டி வரும். வயதானவர், இதயம் ஏற்கனவே உழைத்துக் களைத்திருக்கும். அதனால் மெதுவாக, ஒன்று முடிந்து பார்த்துவிட்டு அடுத்தது என்று ஏற்றுவார்கள். நாலு மணி நேரம் ஆகிறதே என்று சிஸ்டரை அவசரப்படுத்தாதீர்கள். முதல் பதினைந்து நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். குளிர், நடுக்கம், இடுப்பு வலி, அரிப்பு எது சொன்னாலும் உடனே கூப்பிடுங்கள். மாற்று ரத்தம் கொடுக்க வீட்டில் ஆள் இருந்தால் காலையில் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், இங்கே வெறும் வயிறு கூடாது.